மணியடித்து மீட்ட பாதை

பாளையங்கோட்டையில் சைக்கிளுக்கென்று கோடு போட்ட பாதையில் தினமும் யாராவது காரை நிறுத்திவிடுவார்கள். நானும் மனதுக்குள் வைதபடி, பஸ்ஸுக்கு முன்னால் சைக்கிளை வளைத்துச் சுற்றிப் போவேன்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டு வந்த பெண்பிள்ளைகள் சுற்றவில்லை. அரசு கொடுத்த சைக்கிள்களோடு காருக்குப் பின்னால் வரிசையாக நின்று, எல்லோரும் ஒன்றாக மணியடித்தார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது.

டீக்கடையிலிருந்து கையில் டம்ளரோடு கார்க்காரர் ஓடிவந்தார். “சுத்திப் போனா என்னம்மா?”

“சுத்துனா பஸ்ஸு அடிச்சிரும், அண்ணாச்சி. காரைப் பைய, மெதுவாவே எடுங்க, நாங்க நிக்கோம்” என்றாள் முன்னால் நின்றவள்.

கார் நகர்ந்ததும், தரையில் வரைந்திருந்த வெள்ளைச் சைக்கிள் படம் தெரிந்தது. தினமும் அந்த வழியே போகிறவன் நான். அன்றுதான் அதைப் பார்த்தேன்.