மூன்றாவது கட்டம்

நர்ஸ் புஷ்பவல்லிக்கு எதையும் கட்டம் போட்டால்தான் திருப்தி. வீட்டில் மளிகைச் சாமானுக்குக்கூடக் கட்டம் போடுகிறவள் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். உடையார்பாளையம் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ஒன்பது வருடத்துப் பாம்புக்கடி நோட்டுகளைப் புரட்டி, 2003-இல் ஒரு சீட்டுத் தயாரித்தாள். பல் பதிந்திருக்கிறதா? வீங்கியிருக்கிறதா? இரண்டு கட்டமும் காலியென்றால் வீட்டுக்கு அனுப்பலாம்.

முந்திரிக்கொல்லையில் காவலுக்குப் படுத்திருந்த கலியம்மாள் விடிந்ததும் வயிற்றுவலி என்று வந்தாள்.

"காலுல என்னமோ ஊர்ந்தாப்புல இருந்துச்சு நர்ஸம்மா."

உடம்பில் ஒரு கீறல் இல்லை. சீட்டில் இரண்டு கட்டமும் காலி. புஷ்பவல்லி அவளை அனுப்பிவிட்டாள்.

மதியம் ஆள் வந்து புஷ்பவல்லியை வீட்டுக்கு அழைத்துப் போனபோது கலியம்மாள் இமை மூடிக் கிடந்தாள். மூச்சு மட்டும் லேசாக ஓடியது. சுற்றி நின்றவர்களின் பார்வை தாங்காமல் புஷ்பவல்லி தலைமாட்டில் நின்றபடியே சொன்னாள்: "நான் நல்லாத்தாங்க பாத்தேன். பாம்பெல்லாம் கடிக்கல. இவங்களாப் பயந்துக்கிட்டு வந்தாங்க."

திருச்சிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. கட்டுவிரியன் என்றார்கள். அது கடித்தால் பல பேருக்குத் தடமும் இருக்காது, வீக்கமும் இருக்காது; வயிறு வலிக்கும், பிறகு இமை சரியும்.

அதன்பிறகுதான் சீட்டில் மூன்றாவது கட்டம் வந்தது: மேலே பார்க்கச் சொன்னால் இமை எழுகிறதா? 2005-இல் பெரம்பலூரில் நடந்த கூட்டத்தில் டாக்டர்கள் முன்னால் அதைத் திரையில் காட்டினாள்.

"ஒரே ஒரு கேஸை வச்சு ஒரு கேள்வியா? எடுத்துடுங்கம்மா," என்றார் பெரிய டாக்டர்.

புஷ்பவல்லி திரையை அணைக்கவில்லை. "சார், எல்லாரும் ஒரே ஒரு தடவ மேல பாருங்க."

சிரித்துக்கொண்டே எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். கதவோரம் ஜீப் டிரைவர் வீரமணி சாய்ந்து நின்றான். ஷெட்டில் வெறுந்தரையில் படுத்து எழுந்தவன், காலையிலிருந்தே வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"வீரமணி, மேல பாருப்பா."

"மேலதாங்க பாக்குறேன்."

இமை பாதிகூட எழவில்லை. கூடத்தில் சிரிப்பு நின்றுபோனது. அவனை அவனுடைய ஜீப்பிலேயே போட்டுக்கொண்டு ஓடியவர் பெரிய டாக்டர்தான்.

விஷமுறிவு மருந்தும் செயற்கை மூச்சுமாக ஐந்து நாள். ஆறாம் நாள் கண் திறந்தான். மூன்றாவது கட்டம் சீட்டில் நிலைத்தது. புஷ்பவல்லி ஆரஞ்சுப் பழத்தோடு, வாயெல்லாம் பல்லாகப் பார்க்கப் போனாள்.

"அஞ்சு நாளும் கண்ணுதாங்க தெறக்க முடியல," என்றான் வீரமணி. "பக்கத்துல நின்னு பேசுனதெல்லாம் கேட்டுச்சு. இவன் தேற மாட்டான்னு ஒருத்தர் சொன்னாரு, அதுவும் கேட்டுச்சு."

அவள் பழத்தைக் கட்டில்மேல் வைத்தாள். "எல்லாமுமாப்பா?"

"ஒரு வார்த்த விடாமங்க."

அப்படியானால் கலியம்மாளும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள்.