காணாக்கடிப் பத்தியம்

நெடுங்கேணிச் சந்தையில் சிவலட்சுமிக்கு முன்னால் நின்று யாரும் முதுகைச் சொறியக் கூடாது. சொறிந்தால் தொலைந்தார்கள். மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். ஓரிடத்திலா, உடம்பு முழுக்கவா, காய்ச்சல் இருக்கிறதா, கண் எரிகிறதா, புதிதாக ஏதும் மருந்துக் குளிசை குடிக்கிறாயா என்று ஒன்றுவிடாமல் கேட்பாள். ஆள் ஏமாந்தால் சட்டையைத் தூக்கி முதுகையும் பார்ப்பாள். நுளம்பு கடித்த தடிப்புத்தான் என்று மனம் ஆறினால் மட்டுமே கையை விடுவாள். இளசுகள் அவளைக் கண்டதும் வேண்டுமென்றே சொறிந்து காட்டிச் சிரிக்கிறதுகள். சிரிக்கட்டும், அதுகளுக்கு என்ன தெரியும்? தெரிந்தவர்களுக்கே பாதிதான் தெரியும்.

குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. அவள் பிறந்ததும் கட்டிக்கொடுபட்டதும் வன்னியில்தான். ஒரு காரியத்தைப் பொறுப்பெடுத்தால் அரைகுறையாக விடமாட்டாள். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து தரப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்தபோதுகூட, கைக்குழந்தையாக இருந்த மகள் யதுர்ஷிகாவின் தடுப்பூசிக்காகச் சேற்றுக்குள்ளால் நடந்து போனவள் அவள். புருஷன் தில்லைநாதனோ நேரெதிர். வயலில் மாடாக உழைப்பார், மருந்தென்றால் மட்டும் சின்னப் பிள்ளை. காய்ச்சலுக்குக் கொடுத்த குளிசையை வாயில் போட்டுக்கொண்டு வேலிப்பக்கம் போய்த் துப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல வந்து கதிரையில் இருப்பார். ஒருநாள் கையும் களவுமாகப் பிடிபட்டார். அன்றிலிருந்து குளிசை கொடுத்தால் அவர் விழுங்கும்வரை சிவலட்சுமி முன்னால் நிற்பாள். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். அவரும் முழுசிக்கொண்டு திறப்பார். யதுர்ஷிகா கல்யாணம் கட்டி வவுனியாவுக்குப் போன பிறகும் தொலைபேசியில் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள்.

அவருடைய கால் பெருவிரல் வீங்கத் தொடங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. செருப்புப் போட முடியாமல், வரம்பில் நடக்க முடியாமல் மனுஷன் துடித்துப்போனார். இரத்தத்தில் யூரிக் அசிட் கூடிப்போச்சென்று சொல்லி, கிளினிக்கில் தொடர்ந்து போடுவதற்கு ஒரு குளிசை கொடுத்தார்கள். மருந்து கொடுத்த பிள்ளை, தோலில் ஏதும் வித்தியாசமாக வந்தால் நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தது. சிவலட்சுமி அதைக் காது கொடுத்துக் கேட்டாள், திருப்பியும் சொல்லிக் காட்டினாள். அவளில் அந்தக் குறை இல்லை.

அறுவடை நேரம் வந்தது. யானைக் காவலுக்கு வயல் கொட்டிலில் வைக்கோலைப் போட்டுப் படுத்தவர், ஒருநாள் விடியக்காலையில் உடம்பைச் சொறிந்துகொண்டே வந்தார். நெஞ்சு, முதுகு, இரண்டு கை எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. எது கடித்ததென்று அவருக்குத் தெரியவில்லை. கடித்தது தெரியாமல் உடம்பு தடித்தால் எங்கள் பக்கத்தில் அதற்குக் காணாக்கடி என்று பெயர். வைக்கோலுக்குள் ஆயிரம் பூச்சி கிடக்கும், அதில் ஏதோ ஒன்று என்று கண்டவர் எல்லாரும் சொன்னார்கள். பக்கத்து வளவு விமலேஸ்வரி, விசகடிக்கு நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் உடனே கொண்டுபோகச் சொன்னாள். மருந்து கொடுத்த பிள்ளை சொன்னது சிவலட்சுமிக்கு நினைவிருந்தது. ஆனால் அது தோலில் தானாக வருகிற வருத்தத்துக்கு அல்லவா? இது பூச்சி கடித்தது. இரண்டையும் ஒன்றாக நினைக்க அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

பரியாரியார் வேப்பிலையால் பார்வை பார்த்து, திருநீறு போட்டு, பத்தியம் சொன்னார். உப்பில்லாக் கஞ்சி, மீன் ஆகாது, புளி ஆகாது, பத்தியம் முறிக்கும்வரை இங்கிலீசு மருந்தும் ஆகாது. குளிசையை நிறுத்த அவளுக்கு மனமில்லை. என்றாலும் பத்தியம் பத்தியம்தான் என்று குளிசையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள், அதையும் அவள் அரைகுறையாகச் செய்யவில்லை. தடிப்பு மெல்ல மெல்ல வற்றியது, சொறியும் நின்றது. பரியாரியாரின் கைராசியை ஊரே மெச்சியது.

பத்தியம் முறித்த அன்று அவருக்குத் தலைமுழுக வார்த்து, விரால் மீன் குழம்பு வைத்துக் கொடுத்தாள். மனுஷன் ஆசையாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய, அலுமாரிக்குள் இருந்த குளிசையை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

"இஞ்சேர், இது தொடங்கினாப் பிறகுதானே எனக்கு அந்தக் கடி வந்தது. இது எனக்கு ஒத்துக்கொள்ளேல்லைப் போல கிடக்கு," என்றார் தில்லைநாதன்.

அவளுக்குக் கோபம் வந்தது. எத்தனை வருஷமாக எத்தனை சாட்டுக் கேட்டவள்! கசக்குது, வயிறு எரியுது, நாளைக்குப் போடுறன். இது புதுச் சாட்டு. "காணாக்கடிக்கும் குளிசைக்கும் என்ன சம்பந்தம்? கதையை விட்டிட்டு வாயைத் திறவுங்கோ," என்றாள்.

அவர் கையை நீட்டி வாங்கினார். பிறகு குளிசையை விழுங்கி, வழக்கம்போல வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

விடியக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. கண் இரண்டும் இரத்தமாகச் சிவந்து, உதடு வெடித்து, பழைய இடமெல்லாம் பழையதை விட மோசமாகத் தடித்திருந்தது. சிவலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். எதற்காக? மீனுக்காக. பத்தியம் முறித்த கையோடு மீனைக் கொடுத்துவிட்டேனே, படுபாவி நான் என்று குழம்புச் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்தாள். ஐயோ, அந்த மீன் என்ன செய்தது! குளிசை அலுமாரியில் பத்திரமாக இருந்தது, அந்தப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டோ பிடித்துத் திரும்பவும் பரியாரியாரிடம் கொண்டு போனாள். அவர் திருநீற்றைக் கையில் எடுத்துவிட்டு, ஏதோ யோசித்து, வாயைத் திறக்கச் சொன்னார். உள்ளுக்குள் எல்லாம் வெந்த புண். எடுத்த திருநீற்றைத் திரும்பவும் தட்டில் போட்டார்.

"பிள்ளை, பூச்சி வாய்க்குள்ள போய்க் கடிக்காது. இது என்ர வேலையில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு."

வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது தில்லைநாதனின் முதுகுத் தோல், சுடுதண்ணீர் ஊற்றுப்பட்டதுபோல, போர்த்தியிருந்த சேலையோடு ஒட்டிக்கொண்டு உரிந்தது. டொக்டர் ஒரு இளம் பெண். என்னென்ன மருந்து எடுத்தவர் என்று கேட்டு, யதுர்ஷிகா நெடுங்கேணி வீட்டிலிருந்து எடுப்பித்துக் காட்டிய குளிசைப் பெட்டியைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. முதலில் வந்ததும் பூச்சிக் கடி இல்லை, இந்தக் குளிசை ஒத்துக்கொள்ளாமல் வந்ததுதான் என்று சொன்னார். பத்தியத்துக்காக அதை நிறுத்தியதால்தான் அடங்கியது, திருப்பிப் போட்டதால்தான் இப்படி ஆனது. அதைச் சொல்லிவிட்டு டொக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அடங்கினாப் பிறகு ஆர் இதைத் திருப்பிக் குடுத்தது?"

சிவலட்சுமி பேச வாயெடுத்தாள். யதுர்ஷிகா தாயைப் பார்த்தாள். அப்போது கட்டிலில் கண் திறக்க முடியாமல் கிடந்தவர் பேசினார். உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்து, ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"மனுசி வேண்டாமெண்டுதான் சொன்னவ. நான்தான் கேளாமல் எடுத்துப் போட்டனான்."

மருந்துக்குப் பயந்து வேலிப்பக்கம் ஒளித்த மனுஷன் அப்படிச் சொன்னார். கதை என்று அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. கொஞ்ச நாள் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தது, பிறகு அடங்கிப்போனது. கடைசியாக அவர் சொன்னதை யதுர்ஷிகா அழுதழுது எல்லாருக்கும் சொன்னாள். அதனால் ஊருக்குத் தெரிந்த கதையும் அதுதான்.

செத்த வீட்டில் பெண்கள் சிவலட்சுமியைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. பிணத்தின் வாயைக் கட்டியிருந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விமலேஸ்வரி அவளுடைய முதுகைத் தடவி, மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"எத்தனை தரம் சொல்லியிருப்பாய் அக்கா. உன்ர சொல்லைக் கேட்டிருந்தா அந்தாள் இண்டைக்கு இருந்திருக்கும்."

சிவலட்சுமி ஓம் என்று தலையாட்டினாள். அவளுடைய சொல்லைக் கேட்டுத்தான் அவர் வாயைத் திறந்தார்.