கூடப் போட்ட சிமென்ட்

எதிலும் கொஞ்சம் கூடப் போடாவிட்டால் அந்த மனுஷனுக்குக் கை நிற்காது. ஆடுகிற ஸ்டூலுக்கு ஓர் ஆணி போதும் என்றால், அரை டப்பா ஆணியை இறக்கிக் கட்டையையே பிளந்து வைப்பார். கட்டிக்கொண்ட பாவத்துக்கு வீட்டில் இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ரோட்டில் பொறுக்க முடியுமா?

அவள் சாலைத் துறையின் கான்கிரீட் சோதனைக்கூடத்தில் இன்ஜினியர். கணவர் அதே துறையில் கான்கிரீட் கலக்கும் பிளான்ட்டின் ஆபரேட்டர். ரோட்டுக்கு இத்தனை மூட்டை சிமென்ட் என்பது காலங்காலமாக விதி. போட்ட ரோடு உழைக்கிறதா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. மூட்டையை எண்ணாதீர்கள், தண்ணீர் இறங்குகிறதா, வெடிக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி, ஒரே ஒரு துண்டு ரோட்டுக்கு அனுமதி வாங்கினாள். சிமென்ட்டைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பல் சேர்த்த கலவை. தேறாவிட்டால் பழையபடி மூட்டைக் கணக்குதான் என்று பெரிய இன்ஜினியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

போட்ட வாரமே ரோடு முழுக்க விரிசல். சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவளைக் கணவர் தேற்றினார்.

"எனக்கும் புரியலம்மா. உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு ஒவ்வொரு கலவைக்கும் ரெண்டு மூட்டை கூடவே போட்டேன். அப்புறமும் எப்படி வெடிச்சுது?"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "போட்டதாலதாங்க வெடிச்சுது. சிமென்ட் கூடினா சூடு கூடும், தண்ணி கூடக் கேக்கும், காயும்போது சுருங்கி வெடிக்கும். தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, காதுல என்ன பஞ்சா வச்சிருந்தீங்க?"

மறுநாள் பெரிய இன்ஜினியரிடம் நடந்ததைச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, இன்னொரு தடவைக்குக் கெஞ்சினாள். இம்முறை ஆபரேட்டர் அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கை நீளும்போதெல்லாம் முறைத்தாள். வெயிலும் மழையும் பார்த்த பிறகும் அந்த ரோட்டில் ஒரு கீறல் இல்லை. வெட்டி எடுத்துப் பார்த்த துண்டிலும் தண்ணீர் இறங்கவில்லை. தேறிவிட்டது.

அடக்கி வைத்ததையெல்லாம் இன்றைக்குப் பேசித் தீர்த்துவிடுவது என்றுதான் பிளான்ட்டுக்குப் போனாள். அவர் படிக்கட்டில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்ப இத்தனை வருஷமா, நல்லா உழைக்கட்டும்னு நான் கூடப் போட்ட ரோடெல்லாம்?" என்றார்.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு. அவர்மேல் இல்லை. கூடப் போடுகிறவனே நல்ல ஆபரேட்டர் என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தே வந்த அந்த மூட்டைக் கணக்கு விதியின் மேல்.

"தள்ளி உக்காருங்க," என்று சொல்லி, அவரை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.