ஐந்து கட்டையில் இரைந்த மைக்

என் மனைவியின் கழுத்தில் கட்டி என்று தெரிந்த வாரம்தான் நான் மைக் செய்ய உட்கார்ந்தேன். தைராய்டு. அறுத்து எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பேச்சு வந்துவிடும், பாட்டைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவள் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பாட்டு சொல்லிக்கொடுப்பவள். மேடை ஏறியதில்லை, ரேடியோவுக்கும் போனதில்லை. அந்தக் குரல் எங்கேயும் பதிவாகி இருக்கவில்லை.

வீட்டில் இருந்த டேப் ரிக்கார்டரில் யார் பாடினாலும் மூக்கடைத்தவர் பாடுவதுபோல் இருக்கும். நல்ல கண்டென்சர் மைக் என்றால் வெளிநாட்டுச் சரக்கு, கிட்டவே போக முடியாது. எனக்கோ கிண்டியில் மீட்டர் கம்பெனி வேலை, வீட்டுக்கு வந்தால் சால்டரிங் பைத்தியம். தொண்ணூறுகளிலும் பழைய ரேடியோ வால்வுதான் உசத்தி என்று வாதாடுகிற ஜாதி நான்.

"வால்வு போட்டு நானே ஒண்ணு பண்ணிடறேன்" என்றேன்.

"பண்ணுங்கோ. மிக்ஸியும் ரொம்ப நாளா உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கு" என்றாள்.

ஒரு ஸ்டுடியோவில் கழித்துப்போட்ட மைக்கின் தலைப்பாகம் கிடைத்தது. குரல் பட்டு அதிர்கிற மெல்லிய சவ்வு அதில் கிழியாமல் இருந்தது. அந்த அதிர்வைப் பெரிதாக்க வால்வு வேண்டும். ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் சிரித்தார். "இன்னா சார், ஊரே ஐசிக்குப் பூட்ச்சு, நீ இன்னும் வால்வு தேடிக்கினு கீற?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏதோ பழைய ரேடியோவைக் குடைந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மைக்கின் உடம்புக்கு எங்கள் பித்தளைக் காபி பில்டரின் மேல் பாதி, முகத்துக்கு டீ வடிகட்டியின் வலை. மறுநாள் காலையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்ல வேண்டியதில்லை.

மைக் சீக்கிரமே முடிந்துவிட்டது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டிதான் என் உயிரை வாங்கியது. சுவரிலிருந்து வரும் ஏசியைச் சுத்தமான டிசியாக்கி அனுப்ப வேண்டும். என்ன செய்தாலும் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினேன். எர்த் வயரை மாற்றி மாற்றிக் கட்டினேன். ஒருமுறை தெரியாமல் கையை வைத்து, அது தூக்கி அடித்ததில் அலமாரியில் போய் மோதினேன். ஆபீஸ், பஸ், சால்டரிங், இரைச்சல். சே, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று இருந்தது. ஆபரேஷன் தேதியோ நெருங்கிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு நாள்தான் பாக்கி, மறுநாள் தி. நகரில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு மத்தியானம் மறுபடி பெட்டியைப் பிரிக்கப் போனேன். அவள் பையில் துணி அடுக்கி வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன்னா, போறும். அப்படியே வையுங்கோ, பாடறேன்."

"இந்த இரைச்சலோட என்னத்தைப் பாடறது? இன்னும் கொஞ்ச நேரம் குடு."

"நேரம் இருக்கும். குரல் இருக்குமா?"

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். அவள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதையா இரைச்சல்ங்கறேள்? அஞ்சு கட்டை. இம்மி தூக்கலா இருக்கு, அவ்வளவுதான்."

அவள் பாடுகிற சுருதியும் ஐந்து கட்டைதான். சுருதிப் பெட்டியின் திருகை இம்மி ஏற்றி அந்த 'ம்ம்ம்'மோடு சேர்த்தாள். இரைச்சல் சுருதிக்குள் கரைந்து போனது. நான் ஓயாமல் மல்லுக்கட்டியதை அவள் ஒரு திருகில் முடித்துவிட்டாளே என்று ஆத்திரமாகக்கூட வந்தது. தோடி பாடினாள். கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது, அடுத்த வீட்டுக் குக்கர் கத்தியது, அந்தப் பாழாய்ப்போன மைக் எதையும் விடாமல் பிடித்தது. அவள் நிறுத்தவில்லை. கேசட் தீரும்வரை பாடினாள். நான் ரிக்கார்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

கட்டி கெட்டதில்லை என்றார்கள். ஆபரேஷனும் நன்றாகவே நடந்தது. பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. கொஞ்சம் மேலே போனால் குரல் பிளந்து வெறும் காற்றாகிவிடும். பொறுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். பொறுத்தோம். அலுத்துப்போனோம். பிறகு ஒருநாள் அவளாகவே வகுப்பை மறுபடி ஆரம்பித்தாள். வாயால் விளக்குவாள், கையால் தாளம் போடுவாள், பாடிக் காட்ட வேண்டிய இடத்தில் கேசட்டைப் போடுவாள்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பேங்கில் வேலை பார்ப்பவள், அந்தக் கேசட்டை முதல்முறை கேட்டுவிட்டு அசந்துபோனாள். "யார் மாமி இவங்க? என்ன குரல்! இவங்ககிட்டயே நேராப் போய்க் கத்துக்க முடியுமா?"

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் அதை மடித்து வைத்தேன். எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று இருந்தது.

"முடியாது. அவா பாடறதை நிறுத்திட்டா" என்றாள் என் மனைவி. "இப்போ நான்தான் இருக்கேன். எங்கே, பல்லவியைப் பாடு."