பிரவுன் கடதாசியில் மச்சாளின் பல்

கரியைக் கடதாசியில் இழுக்கும்போது மெல்லிசாக ஒரு "கிறீச்" கேட்கும்... பல் கூசும். அதோடு பள்ளிக்கூட ஹோலின் அடுத்த பக்கத்தில் பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்கு போஞ்சிக்காய் அவிகிற மணம்.

லண்டனில், டூட்டிங்கில் என் மகன் படித்த பள்ளிக்கூடம். வியாழக்கிழமைகளில் தாய்மாருக்கு சும்மா படம் கீறப் பழக்கினார்கள். பிஸ்கட்டும் தேத்தண்ணியும் உண்டு. நான் போனது பிஸ்கட்டுக்குத்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடைசியாகக் கீறினது இலங்கைப் படம். அதைப் பார்த்து வாத்தியார், "இதென்ன மாங்காயோ?" என்று கேட்டவர்.

அந்த வகுப்புக்கு மச்சாளும் வந்தாள். என் மனுசனின் தங்கச்சி. அப்போது ஒரே வீட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மேலே.
மூன்று மாதமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

பிழை என்னுடையதுதான். என் மகனின் பிறந்தநாளுக்கு எல்லோரும் படம் எடுக்க வரிசையாக நின்றபோது, "மச்சாள், பல்லைக் கொஞ்சம் உள்ளுக்கு எடும், கேக் மறைக்குது" என்றேன். அவளுக்கு முன்பல் இரண்டும் ஒன்றோடொன்று சாய்ந்து, வெளியே எட்டிப் பார்க்கும். வீடு முழுக்கச் சிரித்தது. அவள் கேக்கும் தின்னாமல் மேலே ஏறிப் போனாள். அதற்குப் பிறகு சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் லண்டனின் மற்றக் கரையில் இருக்கிற குட்மேய்ஸுக்கு வீடு மாற இருந்தார்கள். அப்படியே போய்விட்டால், பிறகு கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் மட்டும் முகம் பார்க்கிற உறவாகிவிடும். எனக்கு அது தெரியும். ஆனால் வாய் வரவேண்டுமே... பகிடிக்கு நீளுகிற வாய் இதற்கு நீளாது.

அன்றைக்கு டீச்சர் ஆளுக்கு ஒரு பிரவுன் கடதாசி தந்தா. மூன்றே மூன்று நிறம். கரி, செங்கல் நிறத்தில் ஒரு சோக், வெள்ளைச் சோக். இருட்டுக்குக் கரி, சொண்டுக்கும் கன்னத்துக்கும் செங்கல் நிறம், வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் வெள்ளை, மிச்சத்தைச் சும்மா விடுங்கள் என்றா. பக்கத்து மேசைப் போலந்துக்காரியின் முகத்துக்கு வெள்ளைச் சோக் ஒன்று முழுசாக முடிந்தது. எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. கடதாசியே தோல்!

சோடி சோடியாக இருந்து ஆளை ஆள் கீற வேண்டும். நாங்கள் ஒரே குடும்பம் என்று டீச்சருக்குப் பெரிய சந்தோசம். கதிரை இரண்டையும் எதிரெதிரே இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டா.

மச்சாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தாள். எனக்கு வெள்ளை வைக்க இடமே இல்லை. மூக்குத்தியில் ஒரு பொட்டு, கண்ணில் ஒரு பொட்டு... அவ்வளவுதான்.

"தலையை ஆட்டாமல் இரும்."

மூன்று மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் பேச்சு.

"மூக்கைக் கொஞ்சம் சின்னனாக் கீறும், மச்சாள்" என்றேன்.

"டீச்சர் இருக்கிறதைத்தான் கீறச் சொன்னவ."

பிறகு கடதாசியைத் திருப்பிக் காட்டினாள். ஐயோ... முகத்தில் பாதி வாய்தான்! ஆவென்று திறந்த வாய், உள்ளே முழுக்கக் கரி. காது இரண்டும் தேத்தண்ணிக் கேத்திலின் பிடி மாதிரி. போலந்துக்காரி என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

மச்சாள் அதைக் கவனித்துவிட்டாள்.

"என்ன, நோகுதோ?"

"இல்லை..." என்றேன். பிறகு, "ஓம், கொஞ்சம் நோகுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் கை வாய்க்குப் போனது. கையெல்லாம் கரி... எடுத்தபோது நல்ல மீசை ஒன்று! என் நாக்கு நுனியில் நாலு பகிடி வரிசையில் நின்றது. ஒன்றையும் விடவில்லை. கைப்பையில் இருந்து ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டினேன்.

"சொல்லுமன், மச்சாள். அடக்கினால் வயிறு ஊதிப்போயிடும்" என்றாள் மீசையோடு. பிறகு கையைக் கீழே வைத்துவிட்டு, வாய் திறந்தே சிரித்தாள். என் கடதாசியை எட்டிப் பார்த்தாள்.

"பல்லையும் கீறும். வெள்ளை சும்மாதானே கிடக்குது."

மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்காதீர்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் தொண்டைக்கு மேல் ஏறாது. நான் பல் கீறினேன். ஒவ்வொன்றாக. சாய்வு பிழைக்காமல்.

சனிக்கிழமை சாமான் ஏற்றி வான் நிரம்பியதும், நான் கீறிக் கொடுத்த அந்தப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தாள். "நீரே வைச்சிரும். அங்க கொண்டுபோனால் இவர் சுவரில மாட்டிவிட்டிடுவார்."

இப்போது பிள்ளைகள் போனில் ஒரு தட்டுத் தட்டினால் கோடி நிறத்தில் முகம் வருகிறது. பரு இல்லை, சுருக்கம் இல்லை... சில நேரம் ஆளே இல்லை. மச்சாளும் நானும் கிழமைக்கு இரண்டு தரம் வீடியோவில் கதைக்கிறோம். அவள் தன் மகளின் கலியாணத்துக்கு முன்னால் கம்பி போட்டுப் பல்லை நேராக்கிவிட்டாள். அல்பம் வந்தது. எல்லாப் படத்திலும் கையால் மறைக்காமல் சிரிக்கிறாள். வடிவாக இருக்கு என்றேன். பொய் இல்லை.

நேற்று அலுமாரியைத் துப்புரவாக்கினேன். மகனின் பள்ளிக்கூடக் கடதாசிகளுக்குள் அந்தப் படம் கிடந்தது. ஓரம் கிழிந்து, கரி கொஞ்சம் தேய்ந்து... அந்த இரண்டு பல்லும் அப்படியே.

எனக்கு அந்தப் பழைய பல்தான் பிடிக்கும்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பகிடி என்றுதான் நினைப்பாள்.