ஐஸ் பைகளுக்கு நடுவே ஓடிய நாடி

ராஜபாளையத்தில் நூல் மில் வேலையில் இருந்தபோது என் கணவருக்கு இதயம் நின்றுபோனது. பக்கத்து ஆஸ்பத்திரியில் அதைத் திரும்ப ஓட வைத்து மதுரைக்கு அனுப்பினார்கள். நினைவு மட்டும் வரவில்லை.

டாக்டரிடம் பேசப் போனது என் கொழுந்தனார். திரும்பி வந்தவர், "மதினி, அண்ணன் போயிட்டாக. ஐஸ்ல வச்சிருக்காக. நான் ஊருக்குப் போயி ஆகவேண்டியதப் பாக்கேன்" என்று பஸ் ஏறிவிட்டார்.

உள்ளே ஓடினேன். உடம்பைச் சுற்றி ஐஸ் பைகள். கை சில்லிட்டிருந்தது. கதறினேன். நர்ஸ் அதட்டினார்: "செத்துட்டார்னு யாரும்மா சொன்னது? மூளையக் காப்பாத்த உடம்பக் குளிர வச்சிருக்கோம். அதான் நாடி மெதுவா ஓடுது. உங்க கொழுந்தனார்கிட்ட டாக்டர் விளக்கமா சொன்னாரே!"

என் விரலைப் பிடித்துக் கணவரின் கழுத்தில் வைத்தார். ஒரு துடிப்பு. பொறுத்து இன்னொன்று.

கொழுந்தனாருக்குப் புரியவில்லை போல என்றுதான் நினைத்தேன். மறுநாள் பார்க்க வந்த மில்காரர் ஒருவர் சொன்னார்: "உங்க கொழுந்தனார், அண்ணன் போயிட்டாரு, அவருக்கு ரெண்டும் பொட்டப்புள்ளைக, அந்த வேலைய எம் மகனுக்குக் குடுங்கன்னு நேத்தே மேனேஜர் முன்னால வந்து நின்னாரும்மா."

கணவர் பிழைத்து மறுபடி மில்லுக்குப் போகிறார். இப்போது வீட்டில் யாருக்கு என்றாலும் டாக்டர் முன்னால் நானே போய் நிற்கிறேன்.

பொங்கலுக்குக் கொழுந்தனார் வருவார். "அண்ணன் நல்லாருக்காகளா மதினி?" என்பார்.

"உள்ளதான் இருக்காக. நீங்களே போயித் தொட்டுப் பாருங்க" என்பேன்.