நின்ற வண்டிக்கு ஒரு வார்த்தை

ஓடுகிற லாரியைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை; நின்ற லாரிக்குத்தான் காரணம் கேட்பார்கள், அந்தக் காரணத்தை இங்கிலீஷில் எழுதுவதுதான் என் பிழைப்பு.

அதியமான்கோட்டையில் ஹைவேயை ஒட்டி ஒரு லாரி ஆபீஸ். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தால் காலை ஆறு வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னால். வண்டி ஓடினால் மேப்பில் பச்சைப் புள்ளி, நின்றால் சிவப்புப் புள்ளி. சிவப்பு கால் மணி நேரம் தாண்டினால் டிரைவருக்குப் போன் போட்டு விசாரித்து, லோடு கொடுத்த பெங்களூர் பார்ட்டிக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். நான் பத்தாவது தாண்டாதவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த டிக்ஷனரிதான் என் காலேஜ். ராத்திரி வேலையில் தூக்கத்தைத் தொலைத்த என் இனத்தாருக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும்.

ஸ்டக்

தொப்பூர் கணவாயில் ஒரு டேங்கர் கவிழ்ந்தது. எங்கள் வண்டி ஒன்பதும் மேலேயும் கீழேயுமாக நின்றுவிட்டன. எனக்கு அப்போது தெரிந்த ஒரே வார்த்தை ஸ்டக். ஒன்பது வண்டிக்கும் அதையே எழுதினேன். மறுநாளும் அதே. டயர் பஞ்சருக்கும் ஸ்டக், டிரைவர் டீ குடித்ததற்கும் ஸ்டக்.

மூன்றாம் நாள் பார்ட்டி ஆபீஸிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். கன்னடம் கலந்த தமிழ். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றே பேசினேன். "ஏன் மாராயா, உங்க ஊர்ல வண்டி நிக்கறதுக்கு வேற காரணமே இல்லவா?" என்றார்.

டைட் அப்

அன்றைக்கு ஒரு நோட்டு வாங்கினேன். இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் எந்த வண்டிக்கு எழுதலாம் என்ற குறிப்பு. டிராஃபிக் என்றால் ஹெல்ட் அப். செக்போஸ்ட் என்றால் டீடெய்ன்டு. லோடு இறக்கும் இடத்தில் வரிசை என்றால் டைட் அப், கட்டிப் போட்ட மாதிரி. நோட்டு நிரம்ப நிரம்ப எனக்குக் கொஞ்சம் திமிரும் வந்தது.

எங்கள் டிரைவர் பாஷா பாய் பரோட்டா கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு டைட் அப் என்று அனுப்பினேன். பார்ட்டி ஒரு கேள்வி கேட்கவில்லை. மறுநாள் ஆபீஸுக்கு வந்தவரிடம், "நகர முடியாம மாட்டிக்கிட்டார்னு கௌரவமா எழுதி உட்டேன் பாய்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்படியே என் வூட்டுக்காரிக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்க, புண்ணியமாப் போவும்."

ஹெல்ட் அப்

இந்த வார்த்தையை அதிகம் எழுதியது மாதையனுக்காக. பெங்களூர் லைனில் ஓடும் டிரைவர். பெங்களூரிலிருந்து திரும்பும்போது, சந்தை நாளானால், காரிமங்கலத்தில் வண்டியை ஓரங்கட்டுவான். எனக்குக் கொடுத்தனுப்ப ரோட்டோரம் என் அக்கா பையோடு நிற்பாள். கேழ்வரகு மாவு, கடலை, சில நாள் துணியில் கட்டிய களி. மாமா இறந்தபின் அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. எனக்கும் அப்படித்தான், நான் தனிக்கட்டை. வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க மாதையன் நம்பரை வாங்கி வைத்திருந்தாள்.

பத்து இருபது நிமிஷம் நிற்கும். பார்ட்டிக்கு டிராஃபிக், ஹெல்ட் அப் என்று எழுதிவிடுவேன். பையை மேஜைமேல் வைக்கும்போதெல்லாம் மாதையன் ஒன்றைச் சொல்லுவான். "இதோ இருக்குது காரிமங்கலம், பஸ் ஏறினா ஒரு மணி நேரம். நீங்களே ஒருவாட்டி போய்ட்டு வரக்கூடாதுங்களாண்ணா?"

பிஸி

நோட்டில் நான் எழுதாத வார்த்தை இது. நிற்கிற லாரியை யாரும் பிஸி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அக்கா போன் செய்தால் என் வாயில் முதலில் வருவது இதுதான்.

உண்மையில் என்ன பிஸி? காலையில் ரூமுக்கு வந்து படுத்தால் பாதித் தூக்கம். மத்தியானம் விழித்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எழுந்து பஸ் ஸ்டாண்டு வரை போவேன், காரிமங்கலம் பஸ் கிளம்புவதைப் பார்ப்பேன், திரும்பிவிடுவேன். போனால், "இப்படியே இருந்துடப் போறியா?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல ஒரு வார்த்தை நோட்டில் இல்லை. தை மாதம் அவள் அதே ஊரில் வேறு தெருவுக்கு வீடு மாறியபோதும் பிஸி என்றுதான் சொன்னேன். "சரிப்பா. வூடு எங்கேயும் போவாது, நீ வேலை முடிச்சிட்டு வா" என்றாள்.

அன்ஆத்தரைஸ்டு

அப்புறம் ஒருநாள் பார்ட்டி கறாராக எழுதியிருந்தது: காரணமில்லாமல் நிற்கும் டிரைவர் இனி எங்கள் லைனில் வேண்டாம். நான் எழுதிய பொய்கள் எத்தனை!

சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கா போன். மேப்பில் நாலு சிவப்பு. "பிஸிக்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்று அவள் பேசுமுன் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மாதையனின் புள்ளி காரிமங்கலத்தில் சிவந்தது. சந்தை நாள் இல்லை. ஹைவேயும் இல்லை, ஊருக்குள் ஏதோ ஒரு தெரு. அரை மணி ஆயிற்று, ஐம்பது நிமிஷம் ஆயிற்று. போனை எடுக்கவில்லை. இவனைக் காப்பாற்றப் போய் என் வேலையும் போகும் என்று பயம். பயம் கோபமானது. அன்ஆத்தரைஸ்டு ஹால்ட், அனுமதியில்லாமல் நிறுத்தம், என்று எழுதி அனுப்பினேன். ஒரு எழுத்துப்பிழை இல்லை. அஞ்சே நிமிஷத்தில் பதில் வந்தது: இந்த டிரைவர் இனி வேண்டாம்.

புள்ளி பச்சையாகி, நேராக எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. மாதையன் சட்டையெல்லாம் வியர்வை. அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். இவன்தான் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான். போன் கேபினிலேயே கிடந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உங்க அக்கா வூட்டு வாசல்லதானுங்களேண்ணா நின்னேன்? மேப்புல பார்த்ததுமே கிளம்பியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

சாரி

சிவப்புப் புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டு அன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அதன் பிறகு பார்ட்டிக்கு மாதையனுக்காக ஒரு பக்கம் எழுதினேன், நோட்டில் இருந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் போட்டு. நோட்டட் என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தது. மாதையன் இப்போது உள்ளூரில் செங்கல் லோடு ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் ஹாரன் அடிப்பான், வண்டியை நிறுத்துவதில்லை.

அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்தும் ரோட்டுக்கு வந்து நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலோரம் உட்கார்ந்து, "என்னைத் திரும்பக் கூப்பிடாம ஏங்க்கா அவனைக் கூப்பிட்டே?" என்று கேட்டேன். அதில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது, வெட்கம் கெட்ட கோபம். அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "நீ பிஸின்னு சொன்னியேப்பா. மாதையன் எந்நேரமும் வண்டிதான் ஓட்டறான், ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை."

இப்போது வாரத்தில் இரண்டு மத்தியானம் காரிமங்கலம் பஸ்ஸில் இருக்கிறேன். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன் வந்தால், எடுத்து, பிஸி என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.